தேநீர்க்கடையில் ஒரு நூலகம்

ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று விரும்புவோர் முதலில் கட்டடத்தையே எண்ணுகின்றனர். அலமாரி, நாற்காலி, பெயர்ப்பலகை, திறப்பு விழா என அவ்வெண்ணம் விரிகிறது. நூலை எடுத்துச் செல்பவர் யார், படித்தபின் அதைப் பற்றி அவர் யாரோடு பேசுவார் என்னும் வினாக்கள் இறுதியிலேதான் எழுகின்றன. இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடியில் இவ்வரிசை தலைகீழாக அமைந்தது. அங்கே படிப்பவர்கள் முதலில் வந்தனர்; நூல்கள் அவர்களைத் தேடி மலையேறின; கட்டடத்திற்காக எவரும் காத்திருக்கவில்லை.

இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. மூணாற்றுக்கு அப்பால், காட்டின் நடுவே சிதறிக்கிடக்கும் குடிகளில் முதுவர் இன மக்கள் வாழ்கின்றனர். அக்குடிகளுள் ஒன்றில் சின்னத்தம்பி என்னும் முதியவர் மண்சுவர்த் தேநீர்க்கடை ஒன்றை நடத்திவந்தார். அக்கடையே நூலகமாகவும் விளங்கியது. முரளி மாஷ் என்று மக்கள் அழைத்த ஆசிரியர் முரளீதரன் அதனை உருவாக்கத் துணைநின்றார். பெட்டிமுடியிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நடந்து அங்குச் சென்ற இதழாளர் பி. சாய்நாத், 2014-இல் அந்நூலகத்தைப் பற்றி எழுதினார். அதன்பின் வெளியுலகம் அதனை அறிந்தது.

நூல்கள் 160. அவற்றை வைக்க அலமாரி இல்லை. சாக்குகள் இரண்டே இருந்தன. உறுப்பினராகச் சேர 25 ரூபாய். மாதச் சந்தா 2 ரூபாய். பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீருக்கு விலை கிடையாது. மலைவழி நடந்து களைத்து வருவோரிடம் அதற்குக் காசு பெறச் சின்னத்தம்பிக்கு மனம் வரவில்லை. பிஸ்கட், மிக்சர் முதலியவற்றுக்கு மட்டுமே விலை.

அச்சாக்குகளில் இருந்தவை பொழுதுபோக்கு நூல்கள் அல்ல. வைக்கம் முகம்மது பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், லலிதாம்பிகா அந்தர்ஜனம் முதலியோரின் படைப்புகள் அங்கே இருந்தன. எளிய மக்களுக்கு எளிய நூல்களே போதும் என்று கருதுவோர் உண்டு. சின்னத்தம்பி அவ்வாறு கருதவில்லை. அவருடைய பேரேட்டில் எடுத்தவர் பெயரும் நாளும் முறையாக எழுதப்பட்டிருந்தன. 2013-இல் 37 நூல்கள் இரவலாகச் சென்றதை அப்பேரேடு காட்டியது. அஃது இருப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்துச் செல்லப்பட்ட நூல்களுள் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் ஒன்று. தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது முதுவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. அவர்கள் வீட்டில் பேசுவது தமிழோடு நெருங்கிய மொழி; பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றது மலையாளம். மதுரையை விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் மதுரை எரிந்த கதையை வேற்றுமொழி எழுத்தில் படித்தனர். தமிழ்க் காப்பியம் மலையாளத்தின் வழியே அவர்களை வந்தடைந்தது.

நூலகத்தின் உயிர் நூல்களின் எண்ணிக்கையில் இல்லை. அவை கைமாறுவதில் உள்ளது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்பதே. கேரள நூலக இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் பி.என். பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களை ஒருங்கிணைத்துச் சங்கம் அமைத்தார். அவர் மறைந்த சூன் 19-ஆம் நாள் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. பெரியோர் வகுத்த நெறியைச் சின்னத்தம்பி இரண்டு சாக்குகளைக் கொண்டே நிறைவேற்றினார்.

வாசிப்பு வட்டம் தொடங்க விரும்பும் மாணவர்க்கு அக்கடை சில பாடங்களைக் கற்பிக்கிறது. மக்கள் முன்பே கூடும் இடமே வட்டத்திற்கு ஏற்ற இடம். பள்ளி மரத்தடியும் போதும். சிறு சந்தா வேண்டும். தன் பணம் சேர்ந்த நூலை ஒருவர் தமதாக எண்ணிப் பேணுவார். பேரேடு வேண்டும், திரும்பி வராத நூலைக் கேட்டு வாங்க அதுவே சான்று. தரமான நூலைக் கண்டு அஞ்சுதல் கூடாது. நூலைத் திருப்பித் தருபவரிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அவ்வொருவர் இல்லையேல் மற்றவை அனைத்தும் இருந்தும் வட்டம் நிலைக்காது.

சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தமிழை வீட்டிலே பேசி வளரும் பிள்ளைகள் பலர். அவர்களுள் தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்புப் பெற்றோர் சிலரே. அச்சிலர் தாம் படித்ததை மற்றவர்க்கு உரக்கப் படித்துக் காட்டினால், கேட்பவர்க்கும் அந்நூல் உரியதாகும். ஐந்து பேரும் ஐந்து நூல்களும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.

சிந்தித்து எழுதுக

1. சின்னத்தம்பியின் நூலகத்தில் பேரேடு ஏன் இன்றியமையாததாக இருந்தது?
2. சிலப்பதிகாரம் முதுவர்களிடம் சென்று சேர்ந்த வழியை உம் சொந்த நடையில் விளக்குக.
3. உம் வகுப்பில் வாசிப்பு வட்டம் தொடங்க ஐந்து விதிகளை வகுத்து எழுதுக.