மாவு பாக்கெட்டில் காலனி

பட்டாபிராமில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து சிறுதானிய இட்லி மாவு அரைத்து விற்கிறோம். நான்கு பங்கு சாமை அல்லது வரகரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஐந்து மணி நேரம் ஊறவைத்து, உளுந்தைத் தனியாக அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடினால், இந்த ஊர் வெயிலுக்கு ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். பொங்க வைப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. மாவு புளிக்கும்போது தானியத்தில் உள்ள ஃபைடிக் அமிலம் குறைகிறது. அது பிடித்து வைத்திருந்த இரும்புச் சத்தும் துத்தநாகமும் உடம்பில் சேர்கின்றன.

எங்கள் பாட்டிமார் புளித்த கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுத்தான் நாற்று நடப் போனார்கள். நெல்லை விளைவித்தவர்களுக்கு நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். அன்றைக்கு அது ஏழைச் சோறு. இன்றைக்கு, 2024 நவம்பரில் இங்கே டைடல் பார்க் திறந்த பிறகு குடிவந்தவர்கள், “சுகருக்கு நல்லதாமே” என்று கேட்டு வாங்குகிறார்கள்.

கடையில் வைத்து விற்க, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். பாக்கெட்டில் பதிவு எண்ணும் தயாரிப்பாளரின் முழு முகவரியும் இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் வந்தது. லேபிளைப் பார்த்த ஒரு கடைக்காரர் சொன்னார்: “அக்கா, மாவு நல்லாத்தான் இருக்கு. அட்ரஸ்ல காலனின்னு இருக்கே, அதை மட்டும் மாத்திடுங்க.” ரயில்வே காலனி, போலீஸ் காலனி என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு தெரிந்தவரின் முகவரியைப் போடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அவர் பயம் நியாயமானது. “அரைக்கிறது நம்ம கை, பேரு மட்டும் இன்னொருத்தருதா?” என்று மூத்தவர் கேட்டார். இரண்டு நாள் பேசினோம்.

பேச்சில் 2018 வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஒன்றிய அரசு சிறுதானியங்களை ‘ஊட்டச்சத்து தானியங்கள்’ என்று அரசிதழில் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. தானியத்துக்குக் கிடைத்த மரியாதை அதைச் சமைக்கும் கைக்குக் கிடைக்கவில்லை.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதை வரவேற்கிறோம். ஆனால் அரசு வசைச்சொல்லை நீக்குவது வேறு, கடைக்காரருக்காக நாங்கள் எங்கள் தெருவை மறைப்பது வேறு. முகவரியை முழுதாக அச்சிட்டோம். அந்தக் கடை போனது. வேறு இரண்டு கடைகள் எடுக்கின்றன. மீதியை வீடு வீடாகக் கொடுக்கிறோம். வருமானம் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை.

தோழர்களே, கூட்டத்துக்கும் கருத்தரங்குக்கும் உணவு ஏற்பாடு செய்கிறீர்கள். ஏப்ரல் 14 அன்று காலைச் சிற்றுண்டிக்கான ஆர்டர் யாருக்குப் போகிறது என்று உங்கள் குழுவில் ஒருமுறை கேளுங்கள். உங்கள் ஊர்க் காலனியில் நன்றாகச் சமைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். முன்பணம் கொடுத்து அவர்களிடம் சொல்லுங்கள்.