அணைத்துவிட்டு ஓட்டுங்கள்

"வண்டி ஓட்டும்போது மட்டும் அதை அணைத்துவிட வேண்டும்" என்றார் டாக்டர்.

நான் அவரைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். இருபத்தாறு ஆண்டுகளாகக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

ஆறு ஆண்டுகளுக்கு முன் இடுப்பு வட்டு விலகியதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரண்டு ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இடது காலில் மின்சாரம் பாய்வதுபோல வலி தொடங்கியது. இடுப்பில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, சுண்டுவிரல் வரை போகும். கொள்கலன் லோரியில் இடது கால்தான் கிளட்ச். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் சிக்கினால் எத்தனை முறை மிதிக்க வேண்டும் என்று கார் ஓட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியாது. இப்போதெல்லாம் அவர்களுக்கு ஆட்டோ கியர்.

மாத்திரை, முதுகில் ஊசி, உடற்பயிற்சி சிகிச்சை, சீன வைத்தியர், சிரம்பானில் ஒரு வர்ம வைத்தியர் என்று சுற்றி வந்த பிறகுதான் வலி நிபுணர் இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னார். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைப்பதுபோல முதுகுத்தண்டுக்கு ஒன்று. மெல்லிய கம்பிகளைத் தண்டுவடத்தின் அருகே செருகி, பேட்டரியை இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்து மூடிவிடுவார்கள். அது சிறு மின் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். வலிக்குப் பதிலாக மெல்லிய கூச்சம் தெரியும்.

கணக்காளராக வேலை செய்யும் மூத்த மகள் எதையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டாள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் ஒரு கதவு இருக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதினார்களாம். அதை வைத்து 1967இல் அமெரிக்காவில் ஷீலி என்ற மருத்துவர் முதல் கருவியைப் பொருத்தினாராம். "புதுசு இல்லப்பா, எனக்கு முன்னாடியே பொறந்தது" என்றாள். கம்பி இடம் மாறலாம், கிருமி தொற்றலாம், பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

செலவுத் தொகையை ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். அந்தப் பணத்துக்குப் புது மைவி கார் ஒன்று வாங்கலாம். ஐம்பது வயதில் இபிஎஃப் இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்துவைத்த பணம் கையில் இருந்தது. அது அவள் கல்யாணத்துக்கென்று வைத்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

நல்லவேளை, உடனே நிரந்தரமாகப் பொருத்தமாட்டார்கள். முதலில் ஏழு நாள் சோதனை. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, கம்பியைச் செருகினார்கள். நான் விழித்திருந்தேன். "கூச்சம் எங்கே தெரிகிறது? தொடையிலா? இன்னும் கீழேயா?" என்று கேட்டுக் கேட்டு நகர்த்தினார்கள். பாதத்தில் வந்ததும் "அங்கேதான்" என்று கத்தினேன். இடுப்பில் ஒரு சிறு பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தூக்கக் கூடாது, குளிக்கக் கூடாது. மனைவி ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

தினமும் நோட்டுப் புத்தகத்தில் பத்துக்கு எத்தனை என்று வலியை எழுத வேண்டும். இதுதான் கஷ்டமான வேலை. மகள் எதிரே உட்கார்ந்துகொண்டு "இப்ப எவ்வளவுப்பா?" என்று கேட்கும்போது நாக்கில் ஐந்து இருந்தால் நான்கு என்று வந்துவிடுகிறது. இரண்டாம் நாளே அவளை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் இரவு படுத்தேன். விடியற்காலை பாங்கு சத்தத்தில்தான் கண் விழித்தேன். ஐந்தாம் நாள் பசாரில் மீன் வெட்டும்வரை நின்றேன். கால்வலி எட்டிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. ஆனால் நடுமுதுகு வலி ஏழிலிருந்து ஆறுதான். டாக்டர் அதிசயப்படவில்லை. காலில் ஓடும் நரம்பு வலிக்கு இது நன்றாகக் கேட்கும், முதுகு வலிக்கு அந்த அளவுக்குக் கேட்காது என்றார். பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள். கால் தேறிவிட்டது.

அப்போதுதான் வண்டி ஓட்டுவது பற்றிக் கேட்டேன். உடல் அசைய அசையக் கம்பிக்கும் தண்டுவடத்துக்கும் உள்ள இடைவெளி மாறுமாம். சடாரென்று திரும்பினால் கூச்சம் ஓங்கி அடிக்கலாம். நாற்பது அடி கொள்கலனை இழுத்துக்கொண்டு போகும்போது அப்படி நடந்தால் என் கதை மட்டும் முடியாது. எனக்குச் சொன்ன வகைக் கருவியில் அதற்கு வழி, அணைத்துவிட்டு ஓட்டுவதுதான். அப்படியென்றால் கிளட்ச் மிதிக்கும் கால் பழைய கால்தான்.

ஏழாம் நாள் கம்பியை உருவினார்கள். அன்று மாலையே, வாடகை கேட்டு வருகிறவன்போல வலி வந்து நின்றது. இரவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"லோரி ஓட்டத்தான் அது வேணும்னா, வேண்டாங்க" என்றாள் மனைவி இருட்டில். "ஆனா இந்த ஏழு நாள் நானும் தூங்கினேன்."

நாலு ஆண்டுகளாக அவளும் தூங்கவில்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மறுவாரம் முதலாளியைப் பார்த்தேன். டிப்போவில் கொள்கலன் வரவு போக்கு எழுதும் வேலை இருக்கிறதாம். சம்பளம் வரும், டிரிப் காசு வராது. அந்தக் காசில்தான் பாதிக் குடும்பம் ஓடியது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கல்யாணத்தை மண்டபத்தில் வைக்காமல் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று மகளே சொன்னாள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. அவளுக்கு உறுத்தவில்லை என்கிறாள். நம்பலாமா என்று தெரியவில்லை.

தேதி தீபாவளிக்குப் பிறகு குறித்திருக்கிறோம். பொருத்தினால் பல வாரம் குனியவோ தூக்கவோ முடியாது. எங்கள் வீட்டில் முறுக்கு பிழிவது எப்போதும் என் வேலை.

வருகிற புதன்கிழமை பினாங்குக்கு ஒரு நடை இருக்கிறது. என் கடைசி நடை. சின்னவன் கூட வருகிறேன் என்கிறான். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் பசியாறிவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.