போடிமெட்டுக்கு மூன்று மணி வெயிலில்

கோடையில் மலையேறப் போகும் சைக்கிள்காரனிடம் எல்லோரும் சொல்லுவது, விடியற்காலையிலேயே ஏறி முடித்துவிடு என்பதுதான். பெரும்பாலான மலைகளுக்கு அது சரி. போடிமெட்டுக்கு மட்டும் நான் அதைக் கேட்பதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே போகும் அந்தச் சாலை மலையின் கிழக்கு முகத்தில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. பொழுது கிளம்பியதும் முதல் வெயில் விழுவது அந்தச் சரிவின் மேல்தான். எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் பாறையிலிருந்து முகத்தில் அனல் அடிக்கும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கினால் வளைவுக்கு வளைவு நிழல் கூடிக்கொண்டே வரும். பாறை ஆறாது, அது உண்மைதான். ஆனால் தலைக்கு மேல் வெயில் இல்லாமல் போவதே பாதி வைத்தியம்.

தனியாக நெடுந்தூரம் போகிறவனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மதுரைப் பக்கமிருந்து வந்தால் காலையிலேயே உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கி, தேனிச் சமவெளியைக் கடந்தாக வேண்டும். அந்தக் கணவாய் பெரிய ஏற்றமில்லை, ஆனால் காலைக் கொஞ்சம் கரைத்துவிடும். போடி சேர்வதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். அப்போது செய்யக்கூடிய நல்ல காரியம், வண்டியைப் பூட்டிவிட்டு நிழலில் படுத்துத் தூங்குவது. மனசாட்சி உறுத்தாமல் பகலில் தூங்கப் பழகாதவர்கள் கோடைப் பயணத்துக்கு வராமல் இருப்பது நல்லது.

ஏற்றம் என்றதும் தொடை வலிமையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வெயில் நாளில் ஆளைக் கவிழ்ப்பது சூடு. தட்டைச் சாலையில் மணிக்கு 18, 20 கிலோமீட்டரில் போகும்போது நமக்கு நாமே காற்றை உண்டாக்கிக்கொள்கிறோம். வேர்வை தோலிலேயே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது. மேட்டில் வேகம் ஆறுக்கு இறங்கியதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. உழைப்பு குறையவில்லை, விசிறியை மட்டும் யாரோ அணைத்துவிட்ட மாதிரி. பின்னாலிருந்து மெல்லிய காற்று அதே வேகத்தில் மேலேறி வந்தால் இன்னும் மோசம், நம்மைச் சுற்றி ஒன்றுமே அசையாது.

கணக்காகவே பார்க்கலாம். நானும் வண்டியும் மூட்டை முடிச்சும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். மெட்டு வரைக்கும் ஏறும் உயரம் சுமார் 1,000 மீட்டர். அதைத் தூக்க மட்டும் 1,000 கிலோஜூல் அளவுக்கு வேலை வேண்டும். நம் தசை, செலவழிக்கும் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மிச்சம் முக்கால் பங்கு வெறும் சூடு, அதாவது 3,000 கிலோஜூலுக்குக் குறையாது. ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் 2,400 கிலோஜூல் போல எடுத்துக்கொண்டு போகும். மூக்கு நுனியிலிருந்து சொட்டுவது கணக்கில் சேராது, அது வீணாகப்போன தண்ணீர். அதனால்தான் மேட்டில் கழுத்திலும் முன்கையிலும் ஈரத்துண்டு கட்டிக்கொள்கிறேன். குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் தலையிலும் போகும். பார்க்கிறவர்களுக்கு வீண்செலவாகத் தெரியும், எனக்கு அதுதான் விசிறி.

குடிப்பதிலும் வெறும் தண்ணீரை நம்ப முடியாது. உப்பெல்லாம் வேர்வையில் போய்க்கொண்டிருக்க, தண்ணீரை மட்டும் மடமடவென்று ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். தலைவலியும் குமட்டலும் வரும், வெயில் ஏறிவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்போம். ஒரு போத்தலில் தண்ணீர், இன்னொன்றில் லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அதே கரைசல்தான். கிளம்பும் முன் போடியில் உப்புப் போட்ட மோர். கைப்பிடிப் பையில் கம்பம் பன்னீர்த் திராட்சை ஒரு பொட்டலம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கு அதன் பெருமை வேறு: வெயிலில் வாய் வறண்டு எதுவும் இறங்காதபோதும் அது இறங்கும்.

முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். சராசரி ஏற்றம் நூற்றுக்கு ஐந்துதான், பயப்பட ஒன்றுமில்லை. முன்னால் 26 பல், பின்னால் 34 பல் சக்கரத்தில் செயினைப் போட்டுவிட்டால் ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வண்டி நகரும். நிமிடத்துக்கு அறுபது மிதி, மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குள். நடக்கிறவனைவிடக் கொஞ்சம்தான் வேகம். முதல் அரைமணியில் இதைவிட வேகமாகப் போக முடியும், ஆசையும் வரும். அந்த ஆசைக்கு இடங்கொடுப்பவன் பத்தாவது வளைவில் கல்லின்மேல் உட்கார்ந்திருப்பான்.

வளைவுகளிலும் இரண்டு ஜாதி உண்டு. இடப்பக்கம் ஓடும் நமக்கு, ஏறும்போது வலது பக்கம் திரும்பும் வளைவு சுகம். வெளிவட்டத்தில் அகலமாகப் போகலாம், ஏற்றமும் தணிந்திருக்கும். இடது பக்கம் திரும்புவது உள்வட்டம். அங்கே சாலை சட்டென்று செங்குத்தாகும், அதே இடத்தில்தான் கீழே இறங்கும் பஸ் திரும்ப இடம் போதாமல் நம் பக்கம் வந்துவிடும். அதனால் வளைவுக்கு முன்பே கியரை இறக்கி, ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டு மலையேறுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. மாலையில் இன்னும் கவனம் தேவை. காலையில் கீழேயிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக இறங்கும் நேரம் அது. வீடு திரும்பும் வண்டிகளுக்கு எப்போதும் அவசரம்.

மேலே போகும் வண்டிகளும் உண்டு. ஒருமுறை காலிச் சரக்கு வண்டி ஒன்று பக்கத்தில் ஊர்ந்தது. "அண்ணே, வண்டி சும்மாதான் போகுது. சைக்கிளத் தூக்கிப் போட்டுட்டு ஏறிக்கங்க."

"இருக்கட்டும் தம்பி. மெட்டுல டீ குடிக்கையில பாப்போம்."

"அதுவரைக்கும் அங்க நான் என்னத்தக் குடிச்சிக்கிட்டிருக்கிறது?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கூட ஒருவர் வந்தால் நம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். தனியாகப் போகிறவனுக்கு அந்தக் கண்ணாடி இல்லை, சூடு தலைக்கேறும்போது முதலில் மங்குவதும் தீர்மானிக்கும் புத்திதான். ஆகவே சோதனையை வெளியே வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வளைவையும் வாய்விட்டு எண்ணுவேன். எத்தனையாவது என்று குழம்பினால் அங்கேயே இறங்கி நிழலில் உட்கார வேண்டும், மேல்முறையீடு கிடையாது. வேர்வை சட்டென்று நின்றாலோ, வெயிலில் மயிர்க்கூச்செறிந்தாலோ அன்றைய ஏற்றம் அதோடு முடிந்தது. இன்னொன்று நேரம். மூன்று மணிக்குக் கிளம்பினால் மெட்டு சேர ஏழு ஆகிவிடும், அப்போது இருட்டும். ஐந்தேகாலுக்குள் பாதி உயரம் ஏறாவிட்டால் திரும்பிவிடுவேன். இறக்கத்துக்குப் போடி அரைமணி தூரம்தான், இருட்டிய காட்டுச் சாலையில் யானையோடு வழக்காட முடியாது.

வழியில் அடுப்பு மூட்டி டீ போடுவது சைக்கிள் பயணிகளுக்கு ஒரு பெருமை. இந்தச் சரிவில் அதைச் செய்வதில்லை. காய்ந்த புல் எப்படிப் பற்றும் என்பதை 2018 மார்ச்சில் பக்கத்துக் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட தீ காட்டிவிட்டது. டீக்கு மெட்டு வரை பொறுக்கலாம்.

கடைசி வளைவுகளில் தோலுக்கே வித்தியாசம் தெரியும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். கீழே நெருப்பாக இருந்த அதே உடம்பு, மேலே நின்றதும் நனைந்த பனியனோடு நடுங்கத் தொடங்கும். டீக்கடையில் உட்காருவதற்கு முன்பே உலர்ந்த பனியனை மாற்றிக்கொள்வேன், அப்புறம்தான் மற்றதெல்லாம். இரவை மெட்டுப் பக்கமே முடித்துவிட்டுப் பூப்பாறை இறக்கத்தைக் காலைக்கு வைத்துக்கொள்வது வழக்கம். சாப்பாட்டில் ஊறுகாயை மறுபடி மறுபடி கேட்பேன். பரிமாறுகிறவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாட்டிலையே மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.