கட்டைவிரல் ரகசியம்

1872 வரை இங்கிலாந்தில் ஓட்டுப் போடுவது பகிரங்க சமாசாரம். எல்லார் முன்னிலையிலும் 'இன்னாருக்கு என் ஓட்டு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதிகாரி எழுதிக்கொள்வார். பல ஊர்களில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பதைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். விளைவு? 1868 தேர்தலில் வேல்ஸ் பகுதியில் பண்ணையார் சொன்ன ஆளுக்குப் போடாத குத்தகைக்காரர்கள் சிலர் நிலத்தை இழந்தார்கள். நாலு வருஷம் கழித்து ரகசிய ஓட்டுச் சட்டம் வந்தது.

நீங்கள் ஃபேஸ்புக்கில் லைக் போடுவது இன்னமும் அந்தப் பழைய முறைப்படிதான். 2009-ல் வந்த அந்தக் கட்டைவிரலை அமுக்கியதும் உங்கள் பெயர் ஏறிவிடுகிறது. அந்தப் பதிவைப் பார்க்க முடிகிற மேனேஜர், மச்சினன், சம்பந்தி எல்லோரும் அதையும் பார்க்கலாம். கல்யாண வீட்டில் மைக்கில் மொய் வாசிக்கிற மாதிரி.

'லைக்தானே சார்' என்கிறீர்களா? 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை ஸ்தம்பித்ததைப் பற்றி, பக்கத்தில் பால்கரில் ஒரு பெண் ஃபேஸ்புக்கில் இரண்டு வரி எழுதினாள். அவள் தோழி லைக் போட்டாள். இருவரையும் கைது செய்தார்கள். அப்புறம் ஊரே கொதித்து வழக்கைக் கைவிட்டார்கள். அதில் சேர்த்திருந்த 66ஏ பிரிவையே 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சரி, ஸ்டேஷனில் கழிந்த பொழுதை யார் திருப்பித் தருவது?

எக்ஸ் தளம் 2024 ஜூனில் இதை மாற்றியது. யார் லைக் போட்டார் என்பது எழுதியவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. நல்ல காரியம். 'பிடித்ததைச் சொல்ல என்ன பயம்?' என்று கேட்பவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ. தன் ஓட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்டித்தான் போட வேண்டும், 2003-லிருந்து. அவர் நம் சார்பில் போடுகிறவர். நீங்களும் நானும் நமக்காகப் போடுகிறோம்.

பெயர் போகட்டும், எண்ணிக்கை? 2013-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆராய்ச்சி வந்தது. ஒரு செய்தித் தளத்தில் வாசகர் கருத்துகள் சிலவற்றுக்கு ஆராய்ச்சியாளர்களே ஆரம்பத்தில் ஒரே ஒரு பொய் ஓட்டைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவிகிதம் எகிறியது. முன்னால் ஒருத்தர் கைதட்டினால் போதும், நமக்கும் கை அரிக்கிறது.

அதற்காக எண்ணிக்கையை ஒழித்துக் கட்டுவதும் சரியில்லை. 2021-ல் யூட்யூப் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தது. குக்கர் வால்வை மாற்றத் தப்பாகச் சொல்லித்தரும் வீடியோவை முன்கூட்டி இனம் காண ஒரு வழி அடைபட்டது.

விடை நம் தேர்தல் முறையிலேயே இருக்கிறது. யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். மொத்த எண்ணிக்கை பகிரங்கம். ஆனால் வாக்குப்பதிவு முழுக்க முடியும் வரை எக்ஸிட் போல்கூட வெளியிடக் கூடாது. லைக்குக்கும் அப்படியே செய்யலாமே! நீங்கள் அமுக்கிய பிறகு எண்ணிக்கை தெரியட்டும்.

கம்பெனிக்காரர்கள் செய்கிறவரை ஒரு உபாயம்: அந்த எண்ணை மறைத்துக்கொண்டு படியுங்கள். கட்டைவிரலுக்கு அப்படியும் ஒரு உபயோகம்.