அல்லிக்குளத்துக்கு விளக்கு



கிள்ளானில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறிய நீர்த்தோட்டம் உண்டு. பத்தடி நீளம், முழங்கால் ஆழம். அதில் அல்லிக்கொடிகளும் கொசுப்புழுக்களைத் தின்னும் கப்பி மீன்களும் இருக்கின்றன. டிங்கிக் காய்ச்சல் ஓயாத ஊரில் மீனில்லாத குளம் வைத்திருப்பது தகாது என்பது என் கட்சி.

அந்தி வேளையில் பூப்பறிக்க அம்மா அங்கே செல்வார். எழுபத்தைந்து வயது; கண்ணில் புரை. கரை எது, நீர் எது என்று அவருக்குப் பிரித்தறிய முடிவதில்லை. விளக்குப் பொருத்தும் எண்ணம் அதனால்தான் எழுந்தது, அழகுக்காக அன்று.

கடையில் 230 வோல்ட் விளக்கு ஒன்றைக் காட்டி, "அப்படியே தண்ணிக்குள்ள வச்சிடலாம், டீச்சர்" என்றார்கள். மறுத்துவிட்டேன். நனைந்த உடலில் மின்சாரம் எளிதாகப் பாயும். சில பத்து மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமானது. குளத்தில் கைவிட்டு மீன் பிடிக்கும் பேரப்பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே 12 வோல்ட் விளக்குகளையே தேர்ந்தெடுத்தோம். மின்மாற்றி குளத்தருகே இல்லை. சமையலறைச் சுவரில், மழைபடாத இடத்தில் இருக்கிறது. இங்கே ஒரு கணக்கு. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் கொடுக்கலாம். மொத்தம் 24 வாட். 12 வோல்ட்டில் அதற்கு 2 ஆம்பியர் வேண்டும். 230 வோல்ட்டிலோ ஏறத்தாழ 0.1 ஆம்பியரே. மின்னோட்டம் பெருகுவதால் கம்பி தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பியென்றால் கடைசி விளக்கு மங்கித் தூங்கும்.

விளக்கின் உறையில் 'ஐபி' என்னும் குறியீட்டையும் பாருங்கள். ஐபி 65 பீய்ச்சும் நீரைத் தாங்கும், மூழ்கவைக்க ஆகாது. நீருக்குள் நிலையாக இருக்க ஐபி 68 வேண்டும். மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் அவசியம். ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. இவற்றையெல்லாம் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனே செய்தார். இதில் சிக்கனம் பார்க்கும் பெற்றோரை நான் அறிவேன், அது சிக்கனமன்று.

எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். 2017-இல் மஸ்ஜிட் ஜாமேக் அருகே கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுமிடத்தை நீல ஒளியில் குளிப்பாட்டினார்கள் அல்லவா? மகனுக்கு அதுபோல வேண்டுமாம். நகரச் சதுக்கத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் நீல வெண்ணொளி பூச்சிகளை மிகுதியாக ஈர்க்கும்; மஞ்சள் ஒளி அவ்வளவு ஈர்ப்பதில்லை. கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களின் மேல் மின்மினிகள் ஒளியால்தான் இணையை அழைக்கின்றன. அங்கே வேற்று விளக்கு அந்த அழைப்பையே மறைத்துவிடும். மகனைப் படகில் அழைத்துச் சென்று காட்டிய பிறகு, வாக்குவாதம் பாதியாகக் குறைந்தது.

நீருக்குள் ஒன்றும் வைக்கவில்லை. கரையோரம் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஆறு மஞ்சள் விளக்குகள், ஒளி தரையை நோக்கி விழும்படி. அம்மாவின் கண் கூசுவதில்லை. கரையின் கோடு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. பத்து மணிக்கு எல்லாம் தாமே அணைந்துவிடும். எங்கள் அல்லி இரவில் மலரும் வகை. அதற்கு விளக்கு தேவையில்லை.