முழுசாக் கேளுடா, மாப்ளே!



மலர்க்குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது கவிதைதான் எழுத நினைத்தேன். ஆனால் காதல் கவிதை எழுத நம் வகுப்பிலேயே பதினைந்து பேர் இருக்கிறார்கள். அதனால் ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். எனக்கும் என் பிராஜெக்ட் கூட்டாளிக்கும் வந்த சண்டை. காரணம், இரண்டே இரண்டு எண்கள்!

எங்கள் பிராஜெக்ட், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளப்பது. முற்றத்தில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்த ஊர் இது. ஊருணி வெட்டித் தண்ணீரைக் காத்த ஊர். தண்ணீரின் அருமையைக் காரைக்குடிக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டி மூடியில் ஓர் அல்ட்ராசானிக் சென்சார். அது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும். ஒரு சென்டிமீட்டர் தூரம் போய்த் திரும்ப சுமார் 58 மைக்ரோ செகண்ட். அர்டுயினோ போர்டு அதைக் கணக்குப் போட்டு, யுஎஸ்பி வயர் வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். வயரிங் அவன் பொறுப்பு. திரையில் காட்டுவது என் பொறுப்பு.

லேப் கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் ஏற்ற அனுமதி இல்லை. நல்லவேளை, குரோம் பிரவுசர் இருந்தது. 2021 மார்ச்சில் வந்த 89-ஆம் பதிப்பிலிருந்து குரோமே சீரியல் போர்ட்டுடன் பேசும். இதற்கு 'வெப் சீரியல்' என்று பெயர். இதில் ஒரு மரியாதையும் உண்டு. வெப் பக்கம் தானாகப் போர்ட்டைத் தொட முடியாது. நாம் பட்டனை அழுத்தி, பட்டியலில் போர்ட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்கிற விருந்தாளி மாதிரி!

முதல் நாள் திரையில் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது. போர்டு 9600 பாட் வேகத்தில் பேச, நான் 115200 என்று போட்டிருந்தேன். அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், 8 டேட்டா பிட், முடிவு பிட் என்று 10 பிட். ஆக, விநாடிக்கு 960 எழுத்துகள். எங்களுக்கு அது தாராளம்.

அடுத்ததுதான் வில்லங்கம். தொட்டித் தண்ணீர் அசையவில்லை. திரையில் மட்டும் 127... 127... திடீரென்று 12... உடனே 7... மறுபடி 127!

"உன் சால்டரிங் லூசுடா" என்றேன்.

"இல்ல மாப்ளே, நல்லாத்தான் இருக்கு. அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. மறுபடி பத்த வை!"

பேசாமல் பத்த வைத்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாம் தடவை ஜூனியர்கள் எதிரிலேயே, "ஒரு வயரைக்கூட ஒழுங்கா ஒட்டத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவன் அப்பா டிவி மெக்கானிக். பத்து வயதிலேயே சால்டரிங் அயர்ன் பிடித்த கை அது.

மறுநாள் அவன் லேப்புக்கு வரவில்லை. ரிவியூவுக்கு இரண்டே நாள்.

மேசையில் கிடந்த அவன் ரஃப் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: "12-ம் 7-ம் தனித்தனியா வருது. சேர்த்தா 127. கோளாறு வயர்ல இல்ல, படிக்கிற இடத்துல."

சுரீரென்றது. போர்டு முழு வரியாகத்தான் அனுப்புகிறது. ஆனால் பிரவுசர் அதை முழு வரியாகவே நம் கையில் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. வந்த வரைக்கும் துண்டு துண்டாகக் கொடுக்கும். வரி முடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்து, அப்புறம்தான் படிக்க வேண்டும். நானோ பாதி எண்ணை முழு எண் என்று நம்பியிருக்கிறேன். நாலு வரி புரோகிராமில் சரியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ் ஏறிக் கோட்டையூருக்கு, அவன் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என் மேலதான்டா."

"அன்னிக்கு அதத்தானே மாப்ளே சொல்ல வந்தேன்? சொல்லவே விடலையே நீ!"

என்னிடம் பதில் இல்லை. அவன் அம்மா காபி கொண்டு வந்து வைத்தார். இரண்டு பேரும் குடித்தோம்.

ரிவியூ அன்று எக்ஸாமினர் கேட்டார்: "ஒரு வரி முடிஞ்சிருச்சுன்னு உங்க புரோகிராமுக்கு எப்படிப்பா தெரியும்?"

எனக்குப் பதில் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவன்தான் சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

- மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை