டோல் சாவடியில் ஒரு மனிதர்

தோட்டத்துச் செம்மண் சாலையில் காசு கொடுக்காமல் போய்வந்து பழகிய நமக்கு, கோலாலம்பூர்ப் பயணம் என்றதும் டோல் கணக்குத்தான் முதலில் நினைவுக்கு வரும். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் வாங்கிவந்த டோல் 2018 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. ஆனாலும் தலைநகரைச் சுற்றிப் பல சாலைகளில் சாவடிகள் இன்னும் இருக்கின்றன. மாதச் சம்பளக்காரர் மனம் பொருமுவது நியாயமே.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. சாவடிகளில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை. டச் அண்ட் கோ அட்டையில் பணம் குறைந்தால் தடுப்புக் கட்டை எழும்பாது. சட்டைப் பையில் பத்து வெள்ளி நோட்டு இருந்தும் பயனில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். வண்டியில் பிள்ளைகள் மிரளும்.

அந்த நேரத்தில் பின் காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, தம் அட்டையை வைத்துக் கட்டையைத் திறந்துவிடுவார். மலாய்க்காரரோ, சீனரோ, நம்மவரோ, யாராகவும் இருக்கலாம். நோட்டை நீட்டினால் கையசைத்து மறுத்துவிட்டுப் போவார். பெயர்கூடத் தெரியாது.

வாசகர்களே, புறப்படுமுன் அட்டையில் மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நாலைந்து வெள்ளி கூடுதலாகவே போட்டு வையுங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் தவித்து நின்றால், இறங்கிப் போக அது உதவும்.